மிட்டாயோடு வந்த முகங்கள்

பள்ளி செல்லும் பிள்ளையின் காற்சட்டையைத் துவைப்பதற்கு முன் அதன் பையைத் துழாவிப் பார்க்கும் தாய்மார் எத்தனையோ அதிசயங்களைக் கண்டிருப்பார்கள். முனை முறிந்த பென்சில், ஒற்றைக் கோலிக்குண்டு, தீப்பெட்டியிலிருந்து உரித்தெடுத்த படம், ரொபி சுற்றியிருந்த பளபளப்புத் தாள். தாய் அவற்றைக் குப்பை என்கிறாள். பிள்ளை அவற்றைச் செல்வம் என்கிறான். வீடுதோறும் நடைபெறும் இவ்வழக்கில் நீதி எவர் பக்கம் நிற்கிறது என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

இவ்வெண்ணம் நமக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு முன் ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். மழை விட்டு மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த மாலை வேளை. லயத்தின் இஸ்தோப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சூயிங்கத்தோடு வந்த கிறிக்கெட் வீரர் படங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான். நாற்பதுக்குக் குறையாது. அருகில் அமர்ந்து பார்த்தோம்.

"ஒரே ஒரு ஆளுதான் ஐயா இன்னும் கெடைக்கல. அவரு மட்டும் வந்திட்டா எல்லாம் முடிஞ்சிடும்" என்றான்.

உள்ளேயிருந்து அவன் தாய், "இந்தக் குப்பைய எல்லாம் ஒருநாளைக்கு அடுப்புல போடப் போறேன்" என்று குரல் கொடுத்தாள். வாசற்படியில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவன் அம்மாயி சட்டென்று தலை நிமிர்ந்தார். "வேணாந்தா. கடுதாசிய நெருப்புல போடாத" என்றார். அக்குரலில் இருந்த கண்டிப்பு நம்மைத் திடுக்கிடச் செய்தது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம். முதலில், மிட்டாய்க்கும் படத்துக்கும் உறவு ஏற்பட்ட கதையைக் கேளுங்கள்.

இவ்வழக்கம் தழைத்து வளர்ந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டவர் உயிராக நேசிக்கும் விளையாட்டு பேஸ்போல். நம் நாட்டு எல்லே விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்குதல் எளிது: வரும் பந்தைக் கட்டையால் ஓங்கி அடித்துவிட்டு, குறித்த இடங்களைத் தொட்டுக்கொண்டு சுற்றி ஓடிவருவதே ஆட்டத்தின் சாரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சிகரெட்டுகள் மெல்லிய தாட்பொதிகளில் விற்கப்பட்டன. பொதி கசங்கிச் சிகரெட் நொறுங்காதிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையை வைத்தனர். வெற்றட்டையாக விடுவானேன் என்று அதில் நடிகையர், விளையாட்டு வீரர் ஆகியோரின் படங்களை அச்சிட்டனர். தந்தை புகைக்க, மகன் அட்டைக்குக் காத்திருந்தான்.

பிள்ளைக்கு அட்டைமேல் ஆசை என்றால் பிள்ளை தின்னும் பண்டத்திலேயே அதை வைக்கலாமே என்று மிட்டாய் வணிகர் சிந்தித்தனர். 1909ஆம் ஆண்டளவில் பென்சில்வேனியா மாநிலத்து அமெரிக்கன் கரமல் கம்பனி தன் மிட்டாய்களோடு பேஸ்போல் வீரர்களின் வண்ணப் படங்களை வழங்கியது. 1914இல் சோளப்பொரியைப் பாகில் தோய்த்து விற்ற கிராக்கர் ஜாக் கம்பனியார் 144 படங்கள் கொண்ட வரிசையைத் தம் பெட்டிகளில் இட்டனர். பாகு அட்டையில் ஒட்டிக் கறை படிந்தது. மறு ஆண்டு 176 படங்களாகப் பெருக்கியதோடு, 100 கூப்பன்களைச் சேர்த்து அனுப்புவோருக்கு முழு வரிசையையும் தபாலில் அனுப்பவும் ஏற்பாடு செய்தனர். 1914ஆம் ஆண்டுப் படங்களிற் கறையற்றவை இன்று அரியனவாக இருப்பதற்குக் காரணம் பிள்ளைகளின் கை அன்று. உடன் இருந்த பாகே.

அடுத்து வந்தது சூயிங்கம். 1933இல் பொஸ்டன் நகரத்துக் கௌடி கம்பனி 1 முதல் 240 வரை எண்ணிட்ட படங்களை வெளியிட்டது. பிள்ளைகள் வாங்கினார்கள், மென்றார்கள், மாற்றிக்கொண்டார்கள். 105 இருந்தது, 107 இருந்தது, 106 மட்டும் எவருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காதது வியப்பன்று, அவ்வெண்ணுக்குரிய படத்தைக் கம்பனி அச்சிடவே இல்லை! இல்லாத ஒன்றைத் தேடிப் பிள்ளைகள் சதம் சதமாகச் செலவிட்டனர். குறை கூறிக் கடிதங்கள் வந்த பிறகே, நெடுங்காலத்துக்கு முன் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற நாப் லஜோய் என்பவரின் படம் 106ஆம் எண்ணுடன் 1934இல் அச்சாகி, எழுதிக் கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பப்பட்டது.

பெற்றோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். "ஒரே ஒரு ஆளுதான்" என்று நம் சிறுவன் கூறிய சொல்லும் இதுவே. முழுமை பெறாத வரிசையைக் கண்டால் மனித மனம் அமைதி கொள்வதில்லை. சேகரிப்பின் இன்பமும் அதுவே. வணிகரின் தூண்டிலும் அதுவே. எனவே பிள்ளையிடம், "படத்துக்காக மேலும் மேலும் வாங்காதே, உன்னிடம் இரண்டாக உள்ளதைக் கொடுத்து இல்லாததைத் தோழனிடம் பெற்றுக்கொள்" என்று கூறுவது நன்று. பற்களும் பிழைக்கும், பணமும் பிழைக்கும், நட்பும் வளரும்.

இனி விலையைப் பற்றிய விந்தை. ஹோனஸ் வாக்னர் என்ற புகழ்பெற்ற வீரரின் படம் ஒன்று 1909க்கும் 1911க்கும் இடையில் சிகரெட் பொதிகளில் வந்து, விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். படத்துக்கு உரிய பணம் தரப்படாமையே காரணம் என்பர் வேறு சிலர். அதே காலத்து மிட்டாய்ப் படங்களில் அவர் முகம் தடையின்றி வந்திருப்பது முதற் கூற்றுக்கு ஓரளவு துணை நிற்கிறது. அச்சிகரெட் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 60 மட்டுமே. அவற்றுள் ஒன்று 2022இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

அதனையும் விஞ்சியது ரொப்ஸ் என்ற சூயிங்கம் கம்பனி 1952இல் வெளியிட்ட மிக்கி மாண்டில் என்பவரின் படம். அவ்வாண்டு 407 படங்களை வெளியிட்ட கம்பனி, கடைசிப் பகுதியைப் பருவம் முடியும் தறுவாயிற் கடைகளுக்கு அனுப்பியது. பிள்ளைகளின் கவனம் வேறு திசைக்குத் திரும்பிவிட்டமையால் பெட்டி பெட்டியாகப் படங்கள் தேங்கின. அவ்வரிசையை வடிவமைத்த சை பெர்கர் என்பவர், இடத்தை அடைத்துக் கிடந்த அப்பெட்டிகளை 1960இல் தோணியிலேற்றி அத்திலாந்திக் கடலிற் கொட்டிவிட்டதாகப் பிற்காலத்தில் தாமே கூறினார். கடலிற் சென்ற குவியலில் மாண்டிலின் படமும் இருந்தது. தப்பிய படங்களுள் ஒன்று 2022 ஒகஸ்டில் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. ஐந்து சதப் பொதியில் வந்த படம் அது!

இதைக் கேட்டதும் ஏதேனும் ஒரு படத்தைப் பூட்டிவைத்தால் பேரனுக்குக் கோடி கிடைக்கும் என்று எவரும் கனாக் காணற்க. எல்லோரும் எறிந்தமையாலேயே எஞ்சியது அரிதாயிற்று. எல்லோரும் பூட்டிவைக்கும் பொருளுக்கு விலை ஏறாது. 1980களின் இறுதியில் அமெரிக்கர் பலர் இந்த ஆசையாற் படங்களைப் பெட்டியோடு வாங்கி அடுக்கினர். கம்பனிகளும் அளவின்றி அச்சிட்டன. அப்படங்களிற் பெரும்பாலானவற்றை இன்று கேட்பாரில்லை.

ஆகவே சேகரிப்பின் மேன்மையைக் காண நாம் ஏலக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஜெபர்சன் பர்டிக் என்ற ஏழைத் தொழிலாளியிடம் போகலாம். நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த இவருக்கு மூட்டுவாத நோய். விரல்கள் கோணி வளைந்தவை. மணம் செய்துகொள்ளாத இவர், பிறர் குப்பையென ஒதுக்கிய சிகரெட் அட்டை, மிட்டாய் அட்டை, தபாலட்டை, விளம்பரத்தாள் யாவற்றையும் தேடித் திரட்டினார். அவற்றை வகைப்படுத்தி நூலாகவும் வெளியிட்டார். புகையிலை அட்டைக்கு 'ரி', பழைய மிட்டாய் அட்டைக்கு 'ஈ', பிற்கால மிட்டாய், சூயிங்கம் அட்டைகளுக்கு 'ஆர்' என அவர் இட்ட எழுத்துகளையே உலகெங்கும் உள்ள சேகரிப்போர் இன்றும் வழங்குகின்றனர். பேஸ்போல் போட்டியொன்றையேனும் அவர் நேரிற் சென்று பார்த்ததில்லை என்பர்!

திரட்டிய 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களையும் அவர் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் கலைக்கூடத்துக்கு நன்கொடையாக வழங்கினார். பிறகு அங்கேயே ஒரு மேசையில் அமர்ந்து, வளைந்த விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்து ஏடுகளில் ஒட்டினார். ஆண்டுகள் பல சென்றன. 1963 ஜனவரியிற் கடைசித் தாளையும் ஒட்டி முடித்தார். மார்ச்சில் உயிர் நீத்தார். அவர் அதனால் ஒரு சதமும் பொருள் ஈட்டவில்லை. ஆனால் ஒரு நாட்டுச் சாதாரண மக்கள் எதைத் தின்றனர், எதைப் பார்த்து மகிழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர் இன்றும் அவர் ஒட்டிய ஏடுகளையே புரட்டுகின்றனர்.

"அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?" என்று வாசகர் கேட்கலாம். நம் மலைக்கு வருவோம். மிட்டாயைப் போலவே தேயிலையும் படங்களைச் சுமந்தது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிர் இம்மலைகளையெல்லாம் மூடியது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறத்தாழ ஒரு கிலோ தூளாகும். அத்தூள் பெட்டிகளிற் கொழும்புக்கு இறங்கி, 1883 முதல் அங்கு நடைபெறும் ஏலத்தில் விலைபோய், கப்பலேறி, சீமையிற் பிற நாட்டுத் தேயிலைகளோடு கலந்து சிறு பொதிகளாகியது. அப்பொதிகளில் 1954 முதல் புரூக் பொண்ட் கம்பனியார் ஓர் அட்டையை வைத்தனர். முதல் வரிசை 20 பிரித்தானியப் பறவைகள். பின் காட்டுமலர்கள், ஆபிரிக்க விலங்குகள், 1962இல் ஆசிய வனவிலங்குகள், 1971இல் விண்வெளிப் பந்தயம். சார்ல்ஸ் ரனிகிளிஃப் போன்ற தேர்ந்த ஓவியர்கள் வரைந்தனர். ஒட்டிவைக்க ஏடு ஒன்றும் ஆறு பென்சுக்குக் கிடைத்தது. 1999 வரை, 45 ஆண்டுகள் நீடித்தது இவ்வழக்கம். பறவைகளின் பெயரைத் தேயிலைப் பொதியிற் கற்றோம் என்று கூறும் முதியோர் இங்கிலாந்தில் இன்றும் பலர்.

அவ்வட்டைகள் கொழுந்து பறித்தவர்களின் லயத்துக்கு ஏறி வரவில்லை. பொதி கட்டப்பட்டது கடலுக்கு அப்பால் அன்றோ? இங்கே கூடை நிறைத்தவளின் பிள்ளைக்கு அப்பறவைப் படம் எட்டவில்லை. அங்கே படத்தை ஒட்டிய பிள்ளைக்கு இங்கே கூடை சுமந்தவளின் பெயர் எட்டவில்லை. எனவே நம் மக்களின் கதையைச் சொல்ல நமக்கென எஞ்சியிருப்பவை வேறு தாள்கள்.

அவை எவை? 1921இல் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளி பட்ட கடனை எழுதி அவரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிய 'துண்டு' எனும் கடிதம். தமிழகத்திலிருந்து வந்தோர் எத்தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்ட அணிந்து வந்த தகரவில்லை. செக்ரோல் பதிவு, சம்பளச் சிட்டை, பிறப்புச் சான்று, பாடசாலை விடுகைப் பத்திரம். இவற்றை எவரும் மிட்டாயோடு தரவில்லை. எவரும் ஏடு அச்சிட்டு விற்கவும் இல்லை. ஆனால் இவற்றின் விலையை நம் மூத்தோர் ஒருகாலத்தில் நன்கறிந்தனர்.

இப்பொழுது அந்த அம்மாயியிடம் திரும்புவோம்.

சிறுவன் படங்களை அடுக்கி முடித்ததும் உள்ளே சென்று துருவேறிய பிஸ்கற் ரின் ஒன்றை எடுத்துவந்தான். அவற்றை அதில் வைத்தபோதுதான் கண்டோம்: அடியில் ஒரு துணியிற் சுற்றப்பட்ட பழந்தாள்கள் இருந்தன. "இவையும் உன்னுடையவையா?" என்று கேட்டோம்.

"அது அம்மாயியோட கடுதாசி" என்றான்.

வெற்றிலை உரலை ஒருபுறம் வைத்துவிட்டு அம்மாயி கூறிய கதை இது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வேறொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. 1951 வரை 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. 1964 வரையிற் பெற்றவர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. அம்மாயியின் தகப்பனாரும் விண்ணப்பித்தார்.

"எங்கப்பாரு இந்த மலையிலயே பொறந்தவரு. ஆனா அத எப்பிடிக் காட்டுறது? பழைய தோட்டத்துல குடுத்த கடுதாசி ஒண்ணு பானைக்குள்ள கெடந்திச்சு. தைப்பொங்கலுக்குக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கையில எங்காத்தா எல்லாத்தையும் கூட்டி அள்ளி அடுப்புல போட்டுட்டா. அவளுக்கு எழுத்துத் தெரியாது ஐயா. அவ மேல குத்தம் இல்ல."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1964இற் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும் 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் கணக்கிட்டுக்கொண்டன. அம்மாயி மணம் புரிந்த குடும்பத்துக்குக் குடியுரிமை கிடைத்திருந்தபடியால் அவர் இங்கே தங்கினார். தகப்பனாரும் தாயாரும் தம்பியும் 1972இற் புறப்பட்டனர். பிரிவோர் அழுகையால் 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் பெயரிட்ட அந்தப் புகைவண்டி ஹட்டன் நிலையத்திலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்றதை அவர் மேடையில் நின்று பார்த்தார். பெற்றோரை மீண்டும் அவர் காணவில்லை.

"கடைசியா தம்பி எழுதின காயிதம், எம் புள்ளைகளோட பொறப்புத் துண்டு, எம் பேரு போட்ட சிட்டை, எல்லாம் இதுக்குள்ள இருக்கு. அதான் ஐயா, கடுதாசிய நெருப்புல போட எனக்கு மனசு வராது" என்று முடித்தார்.

அவன் தாய் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவளே வந்து ரின்னின் மூடியை அழுத்தி மூடி, அதை அடுப்பங்கரைப் பக்கத்திலிருந்து எடுத்து உள்ளறைத் தட்டில் வைத்தாள்.

2003இல் நிறைவேறிய சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. ஒரு தாளுக்காக ஒரு குடும்பம் இரண்டாகும் அக்காலம் போயிற்று. போயினும், அதை அறிந்தவர்கள் முதியவராகிவிட்டனர். அவர்களோடு அவர்களின் தாள்களும் போய்விடின், நம் பிள்ளைகள் தம் கதையைப் பிறர் எழுதிய நூல்களிலேயே தேட நேரும்.

ஆதலின் மாணவர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். மிட்டாய்ப் படம் சேர்ப்பதை விடவேண்டாம். வகைப்படுத்தவும், வரிசை வைக்கவும், பொறுமை காக்கவும், நேர்மையாக மாற்றிக்கொள்ளவும் அது கற்பிக்கும். அப்பழக்கத்தை வீட்டுப் பெட்டியிலுள்ள தாள்களிடத்திலும் காட்டுங்கள். நம் மலைக்குளிரில் ஈரமே முதற் பகை. தாள்களைச் சுவரோரமும் தரையிலும் வையாதீர்கள். பசையால் ஒட்டாதீர்கள், இறப்பர் வளையம் இட்டால் அது உருகிப் பிடித்துக்கொள்ளும், கம்பி ஊசி துருப்பிடிக்கும். பழந்தாளைச் சூட்டினாற் பிளாஸ்ரிக் உறையில் ஒட்டவைத்தால் பிறகு பிரித்தெடுத்தல் அரிது. வெள்ளைத் தாளில் மடித்துத் தனித்தனி உறையிலிட்டு, இராமபாணப் பூச்சி நுழையாத பெட்டியில் வைத்து, இடைக்கிடை நிழலில் காற்றாட விடுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தாத்தாவிடமும் அம்மாயியிடமும் கேட்டு, இது எவருடையது, எந்த ஆண்டு, எத்தோட்டம் என்பதை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பெயரறியாத முகமும் ஊரறியாத தாளும் பாதி அழிந்தவையே.

தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான வழக்குக்குத் தீர்ப்புக் கூறுவதாகத் தொடங்கினோம். எது குப்பை, எது செல்வம் என்பதை அன்றே அறிந்து சொல்லவல்லார் எவரும் இலர்; ரொப்ஸ் கம்பனியும் அறியவில்லை, பானைக்குள் இருந்ததை அள்ளி அடுப்பிலிட்ட அத்தாயும் அறியவில்லை. ஆகவே எறிவதற்கு முன் ஒருமுறை வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்டு எறிக என்பதே நம் தீர்ப்பு.

விடைபெறும்போது அச்சிறுவன் நம்மைத் தெருமுனை வரை வழியனுப்ப வந்தான். "அந்த ஒரு ஆளு கெடைச்சா சொல்றேன் ஐயா" என்றான். சில அடி சென்றபின், தன் தம்பித் தாத்தாவின் கடிதத்தில் இருந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டான். அங்கே செல்ல எவ்வளவு நேரமாகும் என்றும் கேட்டான்.